ஜன்னல் கம்பியில் தொங்கிய பிரஷ்

போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். சாயங்காலம் அவர்கள் ஏறினால் பஸ்ஸே பாயச வாசனை அடிக்கும். அவர்களில் சிலமலை அக்கம்மாளுக்கு மட்டும் மூக்கு கொஞ்சம் அதிகப்படியாக வேலை செய்யும். மூட்டையின் வாயைப் பிரித்ததுமே, "இது மழையில நனைஞ்ச காய்" என்று சொல்லிவிடுவாள். இந்த மூக்கால் அவளுக்கு லாபம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தால் இவளுக்குத் தலை வலிக்கும், அவ்வளவுதான். "போலீசுல நாய்க்குப் பதிலா உன்னையச் சேத்துவிட்டா மாசச் சம்பளமாச்சும் வரும்டி" என்று புருஷன் விஜயபாண்டி கேலி செய்வான்.

விஜயபாண்டி ஜீப் ஓட்டினான். காலையில் மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்குவான். சீட்டாட்டம் கிடையாது, குடி எப்போதாவது. ஆனால் சவரம் மட்டும் தவறாது. வாசல் வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்று, முகத்தை வழித்து முடிக்காமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். பிரஷ்கூட நிஜ முடியில்தான் இருக்க வேண்டும். நைலான் குத்துமாம். அந்த ஊரில் யாருக்கும் இல்லாத சொகுசு இது. அக்கம்மாளுக்கு அதில் எரிச்சலும் உண்டு, உள்ளுக்குள் பெருமையும் உண்டு.

2004ஆம் வருஷம் மாசி மாதம், மலைப்பாதையில் ஒரு வளைவில் அந்த ஜீப் உருண்டது. வண்டியில் இருந்தவர்களுக்குக் கை கால் போனது. உயிர் போனது விஜயபாண்டிக்கு மட்டும்தான். போஸ்ட்மார்ட்டம், கையெழுத்து, வண்டி என்று அலைந்து, மூன்றாம் நாள்தான் வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கூடப் போயிருந்த பங்காளிகள், "முகத்தைத் திறக்க வேண்டாம். பாக்குற மாதிரி இல்ல" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் ஆண் செத்தால் குளிப்பாட்டுமுன் முகம் வழித்துவிடுவது முறை. ஊரில் சலூன் வைத்திருக்கும் கர்ணன் அதற்காகப் பெட்டியோடு வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தான். பக்கத்தில் சொம்பில் வெந்நீர். "முகத்தத் திறக்கலப்பா, நீ கெளம்பு" என்று யாரோ சொன்னார்கள். ஆறிப்போன தண்ணீரை மரத்தின் வேரில் ஊற்றிவிட்டுக் கர்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அக்கம்மாள் மாரில் அடித்து அழுதுகொண்டே அதைப் பார்த்தாள். செத்த பிறகும் முடி வளரும் என்று ஊரில் சொல்லுவார்கள். ஒருநாள்கூட முகம் வழிக்காமல் வெளியே போகாத மனுஷன் மூன்று நாள் தாடியோடு போகிறாரே என்ற நினைப்பு அந்த நிமிஷமே அவளுக்குள் விழுந்துவிட்டது. அவனுடைய பாய், தலையணை, சவரச் சாமான் எல்லாவற்றையும் வழக்கப்படி சுடுகாட்டிலேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

பிள்ளை குட்டி இல்லை. பிறந்த ஊர் ஜெயமங்கலம், அங்கே அண்ணன் குடும்பம் இருக்கிறது. போயிருக்கலாம், போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அவுக வந்தா தேடுவாகல்ல" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தே யாரும் கேட்கவில்லை. வீட்டில் அவளும் மாமனார் ஒச்சாண்டியும்தான். மாமனாரும் மருமகளும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வட்டிலில் சோற்றை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். "சாப்பிடுங்க மாமா" என்பது சுவரைப் பார்த்துத்தான். அவள் படுக்கிற உள்ளறையின் நிலைப்படியை அவர் மிதித்ததே இல்லை. மகன் போனதிலிருந்து கிழவருக்கு முகத்தை மூடின தாடி. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்ததால் அவனுக்குத்தான் மொட்டை. இவரை யாரும் வற்புறுத்தவில்லை. சோகத்தில் தாடி விடுகிறவர்கள் ஊரில் புதிதா என்ன?

கனவு பங்குனியில் தொடங்கியது. விஜயபாண்டி கண்ணாடிக்கு முன்னால் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பான். கன்னத்தைச் சொறிவான். சரசரவென்று சத்தம் கேட்கும். கண்ணாடியில் முகம் தெரியாது. "ஏங்க, திரும்புங்க" என்று இவள் கத்துவாள், அவன் திரும்பமாட்டான். ஒவ்வொரு தடவையும் தாடி நீண்டிருக்கும். பின்னாலிருந்து பார்த்தாலே தோளுக்கு இரண்டு பக்கமும் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பிறகு அந்தச் சத்தம் முழித்திருக்கும்போதும் கேட்க ஆரம்பித்தது. பட்டப்பகலில், சல்லடையில் ஏலக்காய் புரளும்போது, சரசர, சரசர. சல்லடையை அப்படியே கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள். சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பக்கத்தில் காய் பொறுக்குகிறவள்தான் அவளைக் குறி சொல்லும் கோடாங்கியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

கோடாங்கி உடுக்கையை அடித்து நிறுத்தினார். "ஒம் புருசன் வாசலத் தாண்டலத்தா. முகம் வழிக்காம போகமாட்டேங்கிறான். ஆடி அமாவாசைக்குப் படையல் போடு. சவரச் சாமான் புதுசா வாங்கி வை. யாரும் பொழங்காத சாமானா இருக்கணும். இல்லன்னா அங்கனயேதான் நிப்பான்."

ஆக, வேலை இவ்வளவுதான். ஒரு பிரஷ் வாங்க வேண்டும், படையலில் வைக்க வேண்டும், அவன் முகம் வழித்துக்கொண்டு நிம்மதியாகப் போக வேண்டும். போடி கடைத்தெருவில் எபனேசரின் ஃபேன்சி ஸ்டோரில் நிஜ முடி பிரஷ் ஒன்றே ஒன்று இருந்தது. வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள். மறுநொடியே மூடினாள். மழையில் நனைந்த ஆட்டை மடியில் வைத்திருக்கிற மாதிரி வாடை.

நம்முடைய மூக்குக்கு அது பெரிய வாடையாகத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் மூக்குக்கு அது மந்தையே வந்து நின்ற மாதிரி. அதைவிட அவளை உறுத்தியது வேறு: சொகுசாக வாழ்ந்த மனுஷனுக்கு இந்த நாற்றத்தையா படைப்பது? முகர்ந்து பார்த்துவிட்டு அவன் தொடாமலே போய்விட்டால்? அப்புறம் ஆயுசுக்கும் அந்தத் தாடி வளர்ந்துகொண்டே இருக்குமே.

ஷாம்பூ பாக்கெட்டை உடைத்து ஊற்றி அலசினாள். ஆடு குளித்துவிட்டு வந்தது, ஆடாகவே இருந்தது. சீயக்காய் போட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்து, பூனை தூக்கிவிடாமல் கம்போடு காவல் இருந்தாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். கொதிக்கிற தண்ணீரில் முக்கினாள், நாலைந்து முடி கையோடு வந்ததில் உயிரே போய்விட்டது. கடைசியாக ஒரு டப்பாவில் ஏலக்காய்த் தோலை நிரப்பி அதற்குள் பிரஷைப் புதைத்து வைத்தாள். திறந்தபோது ஆட்டுக்குப் பாயசம் ஊட்டின மாதிரி இருந்தது.

திரும்பவும் கடைக்குப் போனாள். எபனேசர் சிரித்தார். "நிஜ முடின்னா வாடை இருக்கத்தாம்மா செய்யும். கொதிக்கிற தண்ணியில முக்காதீக, அடியில பசை விட்டுப்போகும். வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, சேவிங் சோப்புல நல்லா நுரை வரவிட்டு, அந்த நுரையோடயே ஒரு பொழுது வச்சிருங்க. அப்புறம் அலசி உதறி, முடி கீழ பாத்தாப்புல காத்தாடத் தொங்க விடுங்க. தெனமும் முகத்துல போடப் போட தன்னால போயிரும்."

"முகத்துல போடாம போகாதாண்ணே?"

"முகத்துல போடாம அப்புறம் எதுக்கும்மா பிரஷு?"

யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. அக்கம்மாள் சோப்பை வாங்கிக்கொண்டு வந்தாள்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து, பிரஷால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பாள். கையில் நுரைப்பது கழுவுகிற கணக்கு, முகத்தில் நுரைப்பதுதான் பொழங்குகிற கணக்கு என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். ஒருநாள் நுரையோடு பிரஷைத் தன் கன்னத்துப் பக்கத்தில் கொண்டுபோனவள், அவன் கன்னம் உரசுகிற மாதிரி இருக்கவும் திடுக்கிட்டுக் கையை இறக்கினாள். பிறகு அலசி, உதறி, கைப்பிடியில் நூல் கட்டி, உள்ளறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுப் போனாள். சோப்பு கீழே ஜன்னல் கட்டையில். வாடை லேசாகக் குறைந்தது, போகவில்லை. ஆடி பிறந்துவிட்டது.

ஆடிக்காற்றில் கனத்த போர்வையே மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அப்படியிருக்க, ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது பிரஷ் ஈரமாக இருந்தது. நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஜன்னல் கட்டையில் விழுந்தது. சோப்பில் பள்ளம். உள்ளறைக் கதவு காலையில் அவள் பூட்டிய பூட்டோடு அப்படியே இருந்தது. பிரஷை எடுத்து முகர்ந்தாள். வாடை பாதியாகிவிட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம். அவர்தான். வேறு யார் வருவார்கள்? பொறுக்க மாட்டாமல் அமாவாசைக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. பேய்க்குப் பயப்படுகிறவள் பேய்க்குத் துண்டு மடித்து வைப்பாளா? வைத்தாள். சாயங்காலம் துண்டும் ஈரமாக, நாலாக மடிக்கப்பட்டு அதே இடத்தில் இருந்தது. அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு தலைக்குக் குளித்துச் சிக்கெடுத்தாள். "தண்ணி பத்துச்சாங்க?" என்று வெறும் அறையைப் பார்த்துக் கேட்டாள்.

ஆனால் கனவில் தாடி குறையவில்லை. நுரை போடுகிறவர் ஏன் வழிக்கமாட்டேன் என்கிறார்? கத்தி இல்லையே, பாவம், என்று தோன்றியது. ரேசரும் பிளேடும் வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். சாயங்காலம் பிரஷ் ஈரம், துண்டு ஈரம், ரேசர் மட்டும் வைத்தது வைத்தபடி. காகித உறைகூடப் பிரியவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதுதான் அவளை உலுக்கிவிட்டது. நுரையைப் போட்டுக்கொண்டு, வழிக்காமலே ஏன் நிற்க வேண்டும்? போக மனசில்லையா? தன்னைக் கூட்டிப்போகத்தான் நிற்கிறாரா? அந்த நினைப்பு வந்தபோது, "வந்தா போயிருவோம்" என்று அவள் மனசு சொன்னது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கையில், ஏலக்காய் முதலாளியின் பங்காளி இறந்துபோனதால் மதியமே வேலை நின்றது. உச்சி வெயிலில் சிலமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. உள்ளறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். சந்துக்குள் திரும்பியவள் நின்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அதே தோள்பட்டை. அதே மாதிரி இடது பக்கம் சாய்ந்த கழுத்து. தோளில் அவள் மடித்து வைத்த துண்டு. கை ஆடிக்கொண்டிருந்தது. சரசர, சரசர.

"ஏங்க" என்றாள். அவளை அறியாமல் வாய் அப்படித்தான் கூப்பிட்டது.

அவர் திரும்பினார். முகம் முழுக்க வெள்ளை நுரை. நுரைக்குள் இரண்டு கண். நுரை தாடியிலிருந்து தொங்கியது. அந்தக் கண் அவன் கண்தான். பிறகு நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாந்தான் ஆத்தா."

ஒச்சாண்டி. கம்பிக்கு வெளியிலிருந்தே கையை விட்டுப் பிரஷை எடுத்திருக்கிறார். மருமகளின் அறையை மிதிக்கக் கூடாது என்பதற்காக. மாமனார் அந்த ஜன்னல் பக்கம் வருவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. செத்தவர் வருவார் என்று தோன்றியது, இருக்கிறவர் வருவார் என்று தோன்றவில்லை.

பயம் போன இடத்தில் கோபம் வந்தது. அன்றைக்கு அவள் முறையெல்லாம் பார்க்கவில்லை. "யாரும் பொழங்காத சாமானா இருக்கணும்னாகளே! எச்சிப்படுத்திப்புட்டீகளே மாமா! இனிமே நான் எதை வைப்பேன்?"

கிழவர் நுரையைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். "படையல் சங்கதி எங்காதுக்கும் வந்துச்சு. வாடையோட எம் மகனுக்கு வச்சிரக் கூடாதுல்ல ஆத்தா. முகத்துல நுரைக்காம வாடை போகாதுன்னு கர்ணன் சொன்னான். நீயும் கையில தேச்சுத் தேச்சுப் பாத்த. கை காணாது. ஆம்பள முகம் வேணும். இந்த வீட்டுல வேற ஆம்பள ஏது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவுகதான் வாராகன்னு நெனச்சு நான் துண்டெல்லாம் மடிச்சு வச்சேனே!"

ஒச்சாண்டி தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். நுரை காய்ந்து தாடியில் ஒட்டிக்கொண்டது.

"துண்டு எனக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார். "நீ பாத்துட்ட, பாத்தும் சங்கடப்படுத்தாம துண்டு வச்சிருக்கன்னு நெனச்சேன்."

அக்கம்மாளுக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. சந்துச் சுவரில் சாய்ந்தபடி அழுதாள். ஐந்து மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ரேசர் வச்சேனே, அத ஏன் தொடல?"

"அது எனக்குன்னு தோணல ஆத்தா. எம் மகன் அப்படியே போனான். கர்ணன் தண்ணிய வேர்ல ஊத்திட்டுப் போனத நானும்தான் பாத்தேன். அவன் அப்படிப் போயிருக்கயில நான் மட்டும் மூஞ்சிய வழிச்சுக்கிட்டு நிக்கிறதா?" பிரஷைக் கம்பியில் திரும்ப மாட்டினார். "அப்பன் தொட்டது மகனுக்கு எச்சியா? சின்னப்பிள்ளையில என் வட்டில்லதான சாப்பிட்டான்."

அமாவாசை அன்று விடிந்ததும் சுருளி அருவிக்குப் போகிற பஸ்ஸெல்லாம் திதி கொடுக்கிற கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தன. அக்கம்மாள் ஆளனுப்பிக் கர்ணனை வரவழைத்தாள். கர்ணன் பெட்டியோடு வந்து, அன்றைக்கு நின்ற அதே வேப்பமரத்தடியில் தயங்கி நின்றான்.

"அன்னைக்கு நின்னுபோனதை இன்னைக்குச் செஞ்சிருங்க" என்றாள்.

"யாருக்குத்தா?"

அவள் மாமனாரைக் காட்டினாள். கிழவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "நீங்க இப்படியே இருந்தா அவுகளும் இப்படியேதான் மாமா நிப்பாக" என்றாள். சுவரைப் பார்த்து இல்லை, நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒச்சாண்டி கொஞ்சநேரம் அவளையே பார்த்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

வெந்நீரை அவளே கொண்டுவந்து வைத்தாள். கர்ணன் கத்தரியால் தாடியை ஒட்ட வெட்டினான். அந்தப் பிரஷை எடுத்து நுரைத்தான். கத்தி இறங்க இறங்க நரைமுடி நுரையோடு வழிந்தது. முறைப்படி அவள் உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை. முதலில் தாடை தெரிந்தது. பிறகு கன்னத்து எலும்பு, மோவாயில் அந்தப் பள்ளம். கர்ணனின் கை ஒரு தடவை நின்றது. "அப்படியே பாண்டி ஜாடை" என்றான் மெதுவாக.

திறக்க வேண்டாம் என்றார்களே, அந்த முகத்தை அவள் பார்த்தாள். கொஞ்சம் வயசாகி, கொஞ்சம் சுருங்கி, சுத்தமாக வழித்துப் பளிச்சென்று இருந்தது. அன்றைக்குப் பார்க்க விடாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தாள். கிழவரும் குனியாமல், பார்த்துக்கொள்ளட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூசணிக்காய், வாழைக்காய், அகத்திக்கீரையோடு இலையில் பிரஷும் சோப்பும் ரேசரும் இருந்தன. காக்காய் வந்து சோற்றை எடுத்தது. பிரஷ் திரும்ப ஜன்னல் கம்பிக்கு வந்தது. அன்றோடு கனவு நின்றுவிட்டது.

அவள் கேட்டது அதைத்தான். ஆனால் ஆவணி பிறந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடியும் நேரம் கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடப்பாள், முதுகைக் காட்டியாவது வரமாட்டாரா என்று. வரவில்லை. ஒருநாள் காலையில் கம்பியிலிருந்து பிரஷை அவிழ்த்து மூக்கோடு அழுத்தி, மூச்சை இழுத்து முகர்ந்தாள். அந்த நாற்றம் துளியாவது இருக்காதா என்று தேடினாள். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. இத்தனை மூக்கை வைத்துக்கொண்டு ஒன்றையும் பிடிக்க முடியவில்லையே என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

அந்த நேரம் ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை வந்தது. கம்பியில் பிரஷைத் தேடித் தடவியது. அகலமான பெருவிரல், நகம் பக்கவாட்டில் வளைந்தது. ஒரு மூச்சு நேரம் அது யார் கை என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசரப்படவும் இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரஷை அந்தக் கையில் வைத்தாள்.

"தண்ணி சூடா வேணுமா மாமா?" என்றாள்.